இரத்தோட்டைக்கும் திருச்சிக்கும் எவ்வளவு தூரம்?

தேசப்படம் ஒன்றை விரித்து, மாத்தளைக்குக் கிழக்கே மலையடிவாரத்தில் இருக்கும் இரத்தோட்டை என்னும் சிறு பட்டினத்தின்மீது அளவுகோலின் ஒரு முனையை வைத்து, மறு முனையைப் பாக்கு நீரிணைக்கு அப்பால் திருச்சிராப்பள்ளியின்மீது வைத்தால், இடைத்தூரம் ஏறக்குறைய 420 கிலோமீற்றர் என்பது புலனாகும். பழைய கணக்கிற் சொன்னால் 260 மைல். காகம் பறக்கும் தூரம் என்று இதனைக் கூறுவர். மலையோ கடலோ எல்லைக்கோடோ காகத்துக்கு இல்லை.

ஆனால் மனிதன் காகம் அல்லன். இரத்தோட்டையைச் சூழ்ந்த தோட்டங்களில் ஐந்தாறு தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் மூதாதையர் திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், மதுரை, சேலம் ஆகிய பகுதிகளிலிருந்து வந்தவர்கள். அவர்கள் கடந்த தூரத்தை எந்த அளவுகோலால் அளப்பது? நிலம் அசையவில்லை; கடல் விரியவுமில்லை, சுருங்கவுமில்லை. இருப்பினும் இவ்விரு ஊர்களுக்கும் இடையிலான தொலைவு இருநூறு ஆண்டுகளில் பலமுறை குறுகியும் நீண்டும் வந்திருக்கின்றது. அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதே இங்கு ஆராயத் தக்கது.

தூரத்தைக் காலத்தால் அளப்பது தமிழருக்குப் புதிய வழக்கன்று. இரண்டு நகரங்களுக்கிடையே ‘விமானத்தில் ஒரு மணி’ என்று இன்று கூறுகின்றோம். நம் முன்னோர் ‘நாழிகை வழி’ என்றனர். ஒரு நாழிகையில், அதாவது 24 நிமிடத்தில், நடந்து கடக்கக்கூடிய தூரம் அது. ஏறக்குறைய ஒன்றேகால் மைல் எனலாம். தூரத்தைச் சொல்லும்போதே நடப்பவனின் காலையும் மூச்சையும் சேர்த்துச் சொன்ன அளவு இது. மைற்கற்கள் நாட்டப்பட்ட பின்னர் வந்த ‘கட்டை’ என்னும் அளவில் அந்த மனிதன் மறைந்துவிட்டான். கல் மட்டுமே எஞ்சிற்று.

இலங்கையில் கோப்பிப் பயிர்ச்செய்கை 1820களிற் கம்பளைப் பகுதியில் தொடங்கி, 1830களின் இறுதியிலிருந்து பெருகியபோது, தென்னிந்தியாவிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினர். திருச்சியைச் சூழ்ந்த ஒரு கிராமத்திலிருந்து புறப்பட்டவன், கங்காணியின் பின்னே நடந்து முதலில் தொண்டி போன்ற ஒரு துறையை அடைய வேண்டும். அதுவே 80 மைலுக்குக் குறையாது. ஐந்தாறு நாள் நடை. அங்கே தோணிக்காகவும் காற்றுக்காகவும் காத்திருக்க வேண்டும். தோணி மன்னாரிலோ அதற்குத் தெற்கே அரிப்பிலோ கரை சேர்க்கும். அதன்பின்னரே உண்மையான வழி தொடங்கும்.

‘வடபாதை’ எனப்பட்ட அவ்வழி, மன்னாரிலிருந்து வறண்ட வன்னிக் காட்டினூடே மதவாச்சிக்கும், அங்கிருந்து மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா ஆகிய இடங்களைத் தொட்டு மாத்தளைக்கும் வந்தது. இறங்கிய துறையைப் பொறுத்து 130 மைலுக்கும் 150 மைலுக்கும் இடைப்பட்ட தூரம். நாளொன்றுக்குப் பதினைந்து மைல் நடந்தாற் பத்து நாள். ஆனால் அந்தப் பதினைந்து மைலை நடக்க வயிற்றிற் சோறும் வழியில் தண்ணீரும் வேண்டுமே! குளம் வற்றிய காலத்திற் சேற்று நீரைக் குடித்தனர். அதனால் வாந்திபேதி கண்டது. காட்டில் மலேரியா என்னும் குளிர்காய்ச்சல் கண்டது. நடக்க முடியாதவரைக் கூட்டம் காத்திருந்து அழைத்துச் செல்வதில்லை. அம்மையோ பேதியோ தமக்கும் தொற்றுமென்ற அச்சம் ஒருபுறம். கையிலிருந்த அரிசி தீர்ந்துவிடுமே என்ற கவலை மறுபுறம். மரத்தடியில் விடப்பட்டவர்கள் அங்கேயே மாண்டனர்.

இவ்வாறு மாண்டவர் எத்தனை பேர்? 1841ஆம் ஆண்டு முதற்கொண்டு 70,000 பேர்வரை இறந்திருக்கலாம் என்று கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை 1849இற் கணக்கிட்டது. வந்தோரில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் என்பது அக்கணக்கு. அது மிகையென வாதிடும் வரலாற்றாசிரியரும் உளர். மிகையென்றே கொண்டு பாதியாகக் குறைத்தாலும், பாதையின் ஒவ்வொரு மைலுக்கும் இருநூறுக்கு மேற்பட்டோர் விழுந்திருக்கின்றனர் என்றாகும். மைற்கல் நாட்டியவர்கள் இதனைக் கல்லிற் பொறிக்கவில்லை. பிற்காலத்தில் அரசாங்கம் வழியிற் கிணறுகளைத் தோண்டிற்று. தங்குவதற்குக் கொட்டகைகளையும் நோயாளருக்குச் சிகிச்சை நிலையங்களையும் அமைத்தது. அவை வருமுன்னரே பாதையிற் பெரும்பகுதி புதைகுழியாகிவிட்டது.

காடு முடிந்து மலை தொடங்கும் வாயில் மாத்தளை. கூட்டங்கள் அங்கேதான் பிரிந்தன. சிலர் கண்டிப் பக்கம் சென்றனர்; சிலர் எல்கடுவைப் பக்கம் ஏறினர்; சிலர் கிழக்கே திரும்பி இரத்தோட்டைக்கும் அதற்கு மேலுள்ள நக்கிள்ஸ் மலைச் சரிவுகளுக்கும் நடந்தனர். மாத்தளையின் முத்துமாரியம்மன் கோயில் 1874இல் எழுந்தது என்பர். அதற்கு முன் அங்கே மரத்தடியில் அம்மனின் சிறு உருவம் ஒன்று இருந்ததாம். மழைக்கும் அம்மை நோய்க்கும் உரிய தெய்வத்தை வடபாதையின் முடிவில் வைத்து வணங்கியவர்களின் மனநிலையை விளக்க வேறு சான்று தேவையில்லை.

ஆக, திருச்சியிலிருந்து இரத்தோட்டைக்கு எல்லாம் நல்லபடி நடந்தால் மூன்று வாரம். ஆயினும் ஒரு செய்தியை நேயர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். அக்காலத்தில் அவ்வழி இருபுறமும் திறந்தே இருந்தது. கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்திற்கு வந்தவர்களிற் பலர், பருவம் முடிந்ததும் தைப்பொங்கலை எண்ணி ஊர் திரும்பினர். மறு ஆண்டு மீண்டும் வந்தனர். எந்த அதிகாரியும் ‘நீ எந்த நாட்டவன்?’ என்று வினவவில்லை. கடன் கேட்கும் கங்காணி இருந்தான். கடவுச்சீட்டுக் கேட்பார் இல்லை. வழி கொடியது, ஆனால் அது பூட்டப்பட்ட வழியன்று.

1869இல் இலைத்துரு நோய் தோன்றிக் கோப்பியை அடுத்த இரு தசாப்தங்களில் அழித்தது. அதனிடத்தைத் தேயிலை பிடித்தது. கோப்பிக்குப் பருவமுண்டு, தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் துளிர்த்துக்கொண்டேயிருக்கும். ஆகவே வந்து போகும் ஆள் போதாது. குடும்பமாகத் தங்கும் ஆள் வேண்டியதாயிற்று. பெண்கள் வந்தனர், லயங்கள் எழுந்தன, பிள்ளைகள் தோட்டத்திலேயே பிறந்தனர். கோப்பியும் தேயிலையும் மட்டுமன்றிக் கொக்கோவும் மிளகும் ஏலமும் விளையும் மாத்தளைச் சீமையில் அப்பிள்ளைகள் வளர்ந்தனர். ‘ஊர்’ என்று தாய் சொன்னது ஓர் இடம். பிள்ளை கண்ட ஊர் வேறோர் இடம். தூரம் என்பது இங்கே முதன்முறையாக ஒரு வீட்டுக்குள்ளேயே புகுந்தது.

இதற்கிடையே இயந்திரம் வந்தது. கண்டிக்கு 1867இலும் மாத்தளைக்கு 1880இலும் புகைவண்டிப் பாதை எட்டியது. அந்நூற்றாண்டின் இறுதியில், இந்தியாவிற் பரவிய பிளேக் நோய்க்கு அஞ்சி வடபாதையை மூடிவிட்டு, தூத்துக்குடியிலிருந்து கப்பலிற் கொழும்புக்குக் கொண்டுவரும் வழியை அரசாங்கம் வகுத்தது. பின்னர் 1914ஆம் ஆண்டில் இரு கரைகளிலும் ஒருங்கே ஒரு பெருமாற்றம் நிகழ்ந்தது. அங்கே பாம்பன் பாலம் திறக்கப்பட்டுப் புகைவண்டி தனுஷ்கோடியை அடைந்தது; இங்கே மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குப் பாதை திறக்கப்பட்டது. நடுவிலிருந்த கடல் 22 மைல் மாத்திரமே. அதனைக் கப்பல் சில மணி நேரத்திற் கடந்தது.

‘போட் மெயில்’ என்ற பெயரை அறியாத தமிழர் அக்காலத்தில் இரு கரைகளிலும் இல்லை எனலாம். சென்னை எழும்பூரில் மாலையில் ஏறியவர், மறுநாள் பிற்பகல் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலேறி, தலைமன்னாரில் மீண்டும் புகைவண்டி பிடித்து, அதற்கடுத்த காலையிற் கொழும்பை அடைந்தார். இரண்டு இரவும் ஒரு பகலும். மலையகத்துக்குப் போகிறவர்கள் பொல்காவலைச் சந்தியில் வண்டி மாறிக் கண்டிக்கும் மாத்தளைக்கும் வந்தனர். மூன்று வார நடை மூன்று நாட் பயணமாகச் சுருங்கிற்று. தோட்டத்து ஆட்களுக்கு மட்டும் இடையில் ஒரு தடங்கல் இருந்தது. மண்டபத்தில் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாமிற் சில நாட்கள் தங்கி, நோயில்லை என்று உறுதிப்பட்ட பின்னரே அவர்கள் கப்பலேற முடிந்தது. போட் மெயிலின் மேல்வகுப்புப் பிரயாணிக்கு இல்லாத அத்தூரம், அதே வண்டியின் கடைசிப் பெட்டியில் வந்தவனுக்கு இருந்தது.

அடுத்து வந்தது ஆகாய மார்க்கம். 1935ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள், சென்னை விமானக் கழகத்தின் தலைமைப் பயிற்சியாளராகிய டிண்டேல் பிஸ்கோ என்பவர் ‘பஸ் மொத்’ என்னும் சிறு விமானத்தைச் சென்னையிலிருந்து ஓட்டிவந்து இரத்மலானையில் இறக்கினார். அத்திடலில் முதன்முதல் இறங்கிய விமானம் அதுவே. 1938இல் டாட்டா நிறுவனத்தின் விமானம் தபாலைக் கொண்டுவந்தது. மனிதருக்கு முன் அவர்தம் கடிதங்கள் பறந்தன. பின்னர் 1947 டிசம்பர் 10ஆம் நாள், எயர் சிலோன் நிறுவனத்தின் டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து எழுந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. அந்நிறுவனத்தின் முதல் டக்கோட்டாக்களில் ஒன்றுக்குச் ‘சீதா தேவி’ எனப் பெயரிட்டிருந்தனர். பாரதத்திலிருந்து இலங்கைக்கு வான்வழி வந்த முதற் பெண்மணியின் பெயரைச் சூட்டியவர் நகைச்சுவை உள்ளவராயிருக்க வேண்டும். சீதை விரும்பி வந்த பயணமன்று அது என்பதை மட்டும் அவர் மறந்துவிட்டார் போலும்.

டக்கோட்டா மணிக்கு ஏறக்குறைய 170 மைல் வேகத்திற் பறப்பது. இரத்மலானைக்கும் சென்னைக்கும் இடையே வான்வழி 425 மைல் அளவில். ஆகவே பறக்கும் நேரம் இரண்டரை மணி. காங்கேசன்துறையில் இறங்கி ஏறும் நேரத்தையும் சேர்த்தால் மூன்று மணிக்கு மேல். இரண்டு இரவும் ஒரு பகலும் ஒரு முற்பகலாகச் சுருங்கிற்று. வரலாற்றில் இலங்கையும் தமிழகமும் இத்தனை அருகில் அதற்கு முன் ஒருபோதும் இருந்ததில்லை.

ஆனால் அந்த முதற் பறப்பு நிகழ்ந்து ஓராண்டு நிறைவதற்கு முன்னரே, 1948 நவம்பரில், இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி ஏறக்குறைய 7 இலட்சத்து 80 ஆயிரமாயிருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் மிகப் பெரும்பாலோர் அச்சட்டத்தால் நாடற்றவராயினர். தந்தையின் பிறப்பை, சில வேளை பாட்டனின் பிறப்பையும், பத்திரம் காட்டி நிறுவ வேண்டும் என்றது சட்டம். வடபாதையில் நடந்துவந்தவனின் பேரன் எந்தப் பத்திரத்தைக் காட்டுவான்? இந்திய அரசாங்கமோ 1939 ஆகஸ்ட் மாதத்திலேயே பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கைக்குப் புறப்படுவதைத் தடை செய்திருந்தது. நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் வானில் வழி திறந்த அதே வேளையில், நிலத்தில் வழி மூடப்பட்டது. பிரஜாவுரிமை இல்லாதவனுக்குக் கடவுச்சீட்டு ஏது? தாய் இறந்த தந்தி வந்தாலும் போகத் தயங்கவேண்டும். போனால் திரும்பி வரலாமா என்பது ஐயம். மூன்று மணி நேரத் தூரம் அவனுக்கு மூன்று வாரமுமன்று, முடிவிலாத் தூரம்.

இதனைக் காட்டிலும் விசித்திரமானது பின்னர் நிகழ்ந்தது. 1964 அக்டோபர் 30இற் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றோர் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர் எனக் கணக்கிட்டு, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவும் 3 இலட்சம் பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் சமமாகப் பங்கிட்டன. நேற்றுவரை போக முடியாதிருந்தவன் இன்று போயே தீரவேண்டியவனானான். மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற புகைவண்டிக்கு மக்கள் இட்ட பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. ஒரு குடும்பத்தில் தமையனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று வந்தால், வண்டி நகரும்போது மேடையில் எழும் ஓசைக்கு வேறென்ன பெயர் பொருந்தும்?

ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரண்டு மாதங்கூட ஆகாத நிலையில், 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. ஆதலால் ‘தாயகம்’ திரும்பியவர்கள் இராமேசுவரத்தில் இறங்கினர். ‘இராமானுஜம்’ என்னும் கப்பல் அவர்களை ஏற்றிச் சென்றது. அங்கிருந்து மண்டபம் முகாம். பாட்டன் இலங்கைக்கு வருமுன் தங்கவைக்கப்பட்ட அதே மண்டபத்திற் பேரன் மீண்டும் தங்கினான். பின்னர் பலர் நீலகிரியிற் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் அரசு தேயிலைத் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். அறியாத ஊரில் அறிந்த தொழில். மாத்தளைப் பேச்சை அங்கே ‘சிலோன்காரன் பேச்சு’ என்றனர்.

1984இற் கப்பற் சேவை நின்றது. 1990இல் தலைமன்னார்ப் பாதை போரில் அழிந்து, 2015இல்தான் மீண்டும் வண்டி ஓடிற்று. கடல்வழி, 2023 அக்டோபரில், நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே மறுபடி திறந்தது. பலாலி விமானத்தளம் 2019 அக்டோபரிற் பன்னாட்டு நிலையமாயிற்று. இடைப்பட்ட நீண்ட காலத்திற் சாதாரண மனிதனுக்கு எஞ்சியது கட்டுநாயக்கா வழி ஒன்றே.

கட்டுநாயக்காவிலிருந்து திருச்சிக்கு வான்வழியும் ஏறக்குறைய 420 கிலோமீற்றர்தான். இரத்தோட்டைக்கும் திருச்சிக்கும் இடையே அளவுகோல் காட்டிய தூரமேதான். பறக்கும் நேரம் ஒரு மணி அளவு. விமானத்தின் முழு வேகத்திற் கணக்கிட்டால் அரை மணி போதும். ஆனால் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லவும், மேலேறவும், இறங்கவும், நேர்கோட்டை விட்டு வகுத்த வான்பாதையிற் செல்லவும் மீதி நேரம் செலவாகின்றது. இரத்தோட்டையிலிருந்து மாத்தளை, குருணாகல் வழியாகக் கட்டுநாயக்காவுக்குப் பஸ் வண்டியில் வருவதற்கோ நான்கு மணி நேரம் போல ஆகும். கடலைக் கடப்பதைவிட மலையிலிருந்து இறங்குவதே நெடும்பயணம்! இடையில் ஒரு வேடிக்கையும் நடந்தது. 1996இல் இலங்கை தன் கடிகாரத்தை முன்னே தள்ளிவைத்தது. அவ்வாண்டு இறுதியிலிருந்து 2006 ஏப்ரல் வரை இந்தியாவைவிட அரை மணி முந்தியிருந்தது. அந்நாட்களிற் கடிகாரத்தை மட்டும் பார்த்தவனுக்குத் திருச்சியிலிருந்து வர ஒன்றரை மணி. திரும்பிப் போக அரை மணி. தூரம் என்பது அரசாணையால் மாறும் என்பதற்கு இதனினும் எளிய உதாரணம் இல்லை.

2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோர்க்குப் பிரஜாவுரிமை வழங்கிற்று. இன்று இரத்தோட்டைத் தோட்டமொன்றில் வாழும் இளைஞன் கடவுச்சீட்டுப் பெறலாம்; வீசா பெற்றுத் திருச்சிக்குப் பறக்கலாம். பாட்டன் பெயரையும் கிராமத்தின் பெயரையும் வைத்துக்கொண்டு உறவைத் தேடிச் செல்வோர் உண்டு. பஸ் வண்டிக்கும் விமானத்துக்கும் வீசாவுக்கும் கொடுக்கவேண்டிய பணம் எத்தனை நாட் பெரட்டுக் கூலி என்று அவன் கணக்குப் பார்ப்பான். அந்தக் கணக்கும் தூரத்தின் ஓர் அளவுதான்.

2023ஆம் ஆண்டு, மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து இருநூறு ஆண்டு நிறைவதை நினைவுகூர்ந்து, ஜூலை 28ஆம் நாள் தலைமன்னாரில் ஒரு கூட்டத்தார் ஒன்றுதிரண்டனர். அங்கிருந்து, மூதாதையர் வந்த அவ்வழியே, மதவாச்சியையும் மிகிந்தலையையும் தம்புள்ளையையும் கடந்து, ஏறக்குறைய 250 கிலோமீற்றர் தூரத்தைக் கால்நடையாகவே நடந்தனர். தலைக்கு மேலே விமானங்கள் பறந்த அந்நாட்களில், அவர்கள் ஆகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையை வந்தடைந்தனர். பதினாறு நாட்கள்.